காமா கார்பாக்சிலேற்றம்

புரதங்களிலுள்ள குறிப்பிட்ட குளுட்டாமிக் அமில அலகுகளில் இன்னொரு கார்பாக்சில் தொகுதியைச் சேர்க்கும் நொதி வினை. வைட்டமின் கே இன்றி நடைபெறாது. இரத்தத்தை உறையவைக்கும் புரோத்ராம்பின், 7, 9, 10ஆம் காரணிகள், உறைவை அடக்கும் சி, எஸ் புரதங்கள் ஆகியவை கல்லீரலில் இம்மாற்றம் பெற்ற பிறகே செயல்படும்.

நோயும் மருந்தும் முந்திக்கொள்ள, வேதியியல் பிந்தி வந்த வரலாறு இது. கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் கொழுப்பு நீக்கிய தீவனம் கொடுத்து வளர்த்த கோழிக்குஞ்சுகளுக்கு இரத்தக்கசிவு கண்டது. தீவனத்தில் இல்லாத பொருளுக்கு அவர் 1935இல் வைட்டமின் கே என்று பெயரிட்டார். 1920களிலேயே வட அமெரிக்கப் பண்ணைகளில், பூசணம் பிடித்த இனிப்புக் குளோவர் தீனியைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் இறந்துகொண்டிருந்தன. காரணமான டைகூமராலை விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்கின் குழு பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948இல் எலிக்கொல்லியாக வந்து, 1954இல் மனிதருக்கு மருந்தாயிற்று.

டைகூமரால் கொடுத்த மாடுகளின் இரத்தத்தில் புரோத்ராம்பின் இருந்தது. கால்சியத்தைத்தான் அது பற்றவில்லை. நல்ல புரதத்தோடு ஒப்பிட்டால் அமினோ அமிலங்களில் வேறுபாடே தெரியவில்லை. ஆய்வு முறையே தடயத்தை அழித்துக்கொண்டிருந்தது: புரதத்தை அமிலத்தில் கொதிக்கவைத்துப் பிரிக்கையில் கூடுதல் கார்பாக்சில், கார்பன் டை ஆக்சைடாக வெளியேறிவிட, வெறும் குளுட்டாமிக் அமிலமே எஞ்சியது. 1974இல் ஸ்வீடனில் யோஹான் ஸ்டென்ஃப்ளோவும் அமெரிக்காவில் கேரி நெல்செஸ்டியுவனும் தனித்தனியே இதை அவிழ்த்தனர். புரோத்ராம்பினின் முன்பகுதியில் இப்படி மாறிய அலகுகள் 10 உள்ளன. அருகருகே உள்ள இரு கார்பாக்சில்களும் கால்சியத்தைப் பிடிக்க, அதன் துணையால் புரதம் தட்டணுக்களின் சவ்வில் ஒட்டுகிறது.

ஒடுக்கப்பட்ட வைட்டமின் கே ஆக்சிஜனுடன் வினைபுரிந்து எபாக்சைடாகும்போது கிடைக்கும் ஆற்றலால் குளுட்டாமிக் அமிலத்திலிருந்து ஒரு ஹைட்ரஜன் பிடுங்கப்படுகிறது. அவ்விடத்தில் கார்பன் டை ஆக்சைடு சேர்கிறது. எபாக்சைடைப் பழைய நிலைக்கு மீட்பது வேறொரு நொதி. வார்ஃபரின் முடக்குவது அதைத்தான். அதன் மரபணு அடையாளம் காணப்பட்டதோ 2004இல். அதுவரை அரை நூற்றாண்டாக மருத்துவர்கள் அம்மருந்தை எழுதிக்கொடுத்து வந்தனர். அதை உட்கொள்வோர் வைட்டமின் கே மிகுந்த கீரையைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதற்கும் இச்சுழற்சியே காரணம்.

எலும்பிலுள்ள ஆஸ்டியோகால்சினிலும் இம்மாற்றம் உண்டு. இதே மாற்றம் பெற்று, தமனிச் சுவரில் சுண்ணாம்பு படியாமல் காக்கும் மேட்ரிக்ஸ் கிளா புரதம் இல்லாத எலிகள் தமனிகள் இறுகி இறந்தன என 1997இல் தெரிந்தது. முதுகெலும்பிகளைப் போன்ற உறைவு முறையே இல்லாத கூம்பு நத்தைகளின் நஞ்சிலும் இப்படி மாறிய அலகுகள் இருப்பதால், கார்பாக்சிலைச் சேர்க்கும் நொதி இரத்த உறைவைவிடப் பழையது எனக் கருதப்படுகிறது.