பின்னால் வைத்த பெட்டி ஏன் பேசவில்லை?



நம் மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "டீச்சர், கம்ப்யூட்டருக்கு 5.1 ஸ்பீக்கர் செட் வாங்கிட்டேன். முன்னாடி ரெண்டும் பாடுது, பின்னாடி ரெண்டும் ஊமையா இருக்கு. காசு தெண்டமா?" தெண்டம் இல்லை. ஆனால் காரணம் சொல்லக் கொஞ்சம் வரலாறு வேண்டும். டீச்சரிடம் கேட்டால் அப்படித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தலைமுறைக்குச் சத்தம் என்றால் ஒரே பக்கத்திலிருந்து வருவது. திருவிழாவுக்கு வேப்பமரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரும் அப்படித்தான், சினிமாவும் அப்படித்தான். 1952இல் 'பராசக்தி'யோடு திறந்த நம் மதுரை தங்கம் தியேட்டரில் அன்று 2,500 பேருக்கு மேல் உட்கார முடிந்தது. அத்தனை பேருக்கும் வசனம் திரைப் பக்கமிருந்துதான் வந்தது.

சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் யோசனை அதற்கும் முந்தியது. ஆலன் புளூம்லைன் என்ற இங்கிலாந்து பொறியாளர் 1931இலேயே இரட்டை ஒலிக்குக் காப்புரிமை கேட்டுவிட்டார். 1940இல் டிஸ்னியின் 'ஃபேன்டேசியா' படத்துக்கு அரங்கைச் சுற்றி ஒலிபெருக்கி வைத்துப் பார்த்தார்கள். செலவு தாங்கவில்லை, சில அரங்குகளோடு நின்றது. 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' வந்தபோது டால்பி முறையில் இடது, நடு, வலது, சுற்றுப்புறம் என்ற நான்கு ஒலிகளைப் பிலிம் ஓரத்தின் இரண்டு தடங்களுக்குள் மடித்து வைத்திருந்தார்கள். 1993இல் 'ஜுராசிக் பார்க்' டி.டி.எஸ். முறையில் வந்தது. இதில் ஒலி தனியாக ஒரு சி.டி.யில் ஓடும், பிலிமில் நேரக் குறியீடு மட்டும் இருக்கும். இரண்டும் சேர்ந்து ஓடவேண்டும்.

இனி நம் பங்கு. இதைப் பாடப்புத்தகத்தில் போடவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. 1995 தீபாவளிக்கு வந்த 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். முறையில் வெளிவந்த முதல் இந்தியப் படம். அதில் ஒரு பாட்டுகூடக் கிடையாது! தமிழ்ப்படத்துக்குப் பாட்டுதான் உயிர் என்று சொன்ன காலத்தில், காலடிச் சத்தத்தையும் துப்பாக்கிச் சத்தத்தையும் நம்பி எடுத்த துணிச்சல் அது. அடுத்த ஆண்டே 'கருப்பு ரோஜா' இந்தியாவின் முதல் டி.டி.எஸ். படமாக வந்தது. பிறகு சுவரொட்டியில் நடிகர் பெயருக்குப் பக்கத்திலேயே 'டி.டி.எஸ்.' என்று போட ஆரம்பித்தார்கள். விரிவு தெரியாதவர்கூட, "அந்தத் தியேட்டர்ல டி.டி.எஸ். இருக்கா?" என்று கேட்டுத்தான் டிக்கெட் எடுத்தார். திரைக்குப் பின்னால் உழைத்தவர்களில் எச்.ஸ்ரீதர் பெயரை நினைவில் வையுங்கள். 'மகாநதி', 'தில் சே', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' படங்களின் ஒலிப்பதிவுக்குத் தேசிய விருது பெற்றவர். 2008இல் மறைந்துவிட்டார். 2012இல் 'சிவாஜி' முப்பரிமாணத்தில் வந்தபோது டால்பி அட்மாஸும் இந்தியாவில் தமிழில்தான் தொடங்கியது.

கம்ப்யூட்டர் கதை தனி. 1981இல் வந்த ஐ.பி.எம். கணினிக்கு 'பீப்' என்று கத்துவதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தெரியாது. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 'சவுண்ட் பிளாஸ்டர்' அட்டையைக் கொண்டுவந்தது. 1998இல் வந்த அதன் 'லைவ்' அட்டையில் நான்கு ஸ்பீக்கர் மாட்ட முடிந்தது. பிறகு அந்த வேலையெல்லாம் மதர்போர்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஐந்து பெட்டி, ஒரு வூஃபர். புள்ளி ஒன்று என்பது அந்த வூஃபர். கணினியின் பின்பக்கம் பச்சைத் துளை முன் இரண்டுக்கு, கறுப்பு பின் இரண்டுக்கு, ஆரஞ்சு நடுப்பெட்டிக்கும் வூஃபருக்கும். பச்சை வயரை மட்டும் செருகினால் மற்றவை எப்படிப் பேசும்? மூன்றே துளை உள்ள போர்டாக இருந்தால் பல போர்டுகளில் நீலத்தையும் ரோஸையும் மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம். அடுத்து, விண்டோஸின் சவுண்ட் அமைப்பில் 'ஸ்டீரியோ' என்று இருப்பதை '5.1 சரவுண்ட்' ஆக்கி, 'டெஸ்ட்' அழுத்தி ஒவ்வொரு பெட்டியாகக் கேட்டுப் பாருங்கள். எல்லாம் பேசினால் வயரில் குறையில்லை. அதன்பிறகும் பழைய பாட்டுக்குப் பின்பெட்டி மௌனமாக இருந்தால், அந்தப் பாட்டில் இரண்டு தடங்களுக்கு மேல் இல்லை என்று பொருள். இல்லாததை ஸ்பீக்கர் பாடாது.

பின்பெட்டிகளை நேர் முதுகுக்குப் பின்னால் வைக்கவேண்டாம். காதுக்குப் பக்கவாட்டில், சற்றே பின்தள்ளி வைத்தால் போதும். வூஃபரைத் தரையில் எங்கும் வைக்கலாம், அடித்தொண்டைச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று காதுக்குப் பிடிபடாது.

என்னைக் கேட்டால் இந்த ஆறில் முக்கியமானது நடுப்பெட்டிதான். வாங்குகிறவர்கள் எல்லாரும் வூஃபரைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். 5.1 படங்களில் வசனம் பெரும்பாலும் நடுத்தடத்தில்தான் இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கரில் கேட்டால் அதே வசனம் இசையோடும் இரைச்சலோடும் கலந்துவிடும். எங்கள் பெரியக்காவுக்கு வயது 78, காது மந்தம். "என்ன சொல்றான்? என்ன சொல்றான்?" என்று கேட்டுக் கேட்டு, கேட்பதற்கே கூச்சப்பட்டு, படம் பார்ப்பதையே விட்டிருந்தார். பேரன் இந்த செட்டை மாட்டிக் கொடுத்த பிறகு நடுப்பெட்டியை மட்டும் நாலு படி ஏற்றினோம், வூஃபரை இரண்டு படி இறக்கினோம். இப்போது வசனம் முடியும் முன்பே அக்கா சிரிக்கிறார்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் செட்டின் ரிமோட்டில் 'சென்டர்' என்று தனியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் ஒவ்வொரு படியாக ஏற்றி, அவர்களையே பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு நிறுத்துங்கள்.