மொரீஷியஸ்: கல் பொறுக்கியவர்களின் தீவு



மகன் குடும்பத்தோடு மொரீஷியஸ் போய்வந்த படங்களை மருமகள் போட்டதும், "டீச்சர், கடற்கரை ரிசார்ட்டில் என்ன வரலாறு பார்த்தீங்க?" என்று என் பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள். கேலியோ நிஜமோ, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட எனக்கு வராது. கொஞ்சம் நீளமான பதில். பொறுமையாகப் படியுங்கள். முடிவில் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடமும் இருக்கிறது.

நாங்கள் தங்கியது மேற்குக் கரையில் ஃபிளிக் ஆன் ஃபிளாக் என்ற ஊரில். வாடகைக்கு ஒரு கார் எடுத்தோம். தீவின் நீளம் சுமார் 65 கி.மீ., அகலம் சுமார் 45 கி.மீ. காலையில் எந்த மூலைக்குக் கிளம்பினாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். நம்மூர் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள் என்பதால் மகனுக்குச் சிரமமில்லை.

அந்த இடப்பக்கத்திலேயே வரலாறு தொடங்கிவிடுகிறது. இடப்பக்கம் ஓட்டுவது பிரிட்டிஷ் பழக்கம். ஆனால் பெயர்ப் பலகைகளில் ஊர்ப் பெயரெல்லாம் பிரெஞ்சு. கடைப் பலகையில் முதலாளி பெயரைப் பார்த்தால் வீராப்பென், சுப்ராயென், பிள்ளை! ஒரே சாலையில் மூன்று நாட்டு வரலாறு. 1810இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து தீவைப் பிடித்த பிரிட்டிஷார், அங்கிருந்தவர்களின் சமயம், சட்டம், பழக்கவழக்கம், சொத்து எதிலும் கை வைப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். அதனால் ஆட்சி மாறியும் பிரெஞ்சு மொழி போகவில்லை. நம் பெயர்கள் எப்படி வந்தன என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

கடற்கரையிலிருந்து உள்ளே திரும்பியதும் இருபுறமும் கரும்புத் தோட்டம். நடுநடுவே ஆள் உயரத்துக்கும் மேலே கறுப்புக் கற்குவியல்கள். சில இடங்களில் சுவர் மாதிரி நீளமாக, சில இடங்களில் மேடை மாதிரி. "பாட்டி, இது என்ன கோட்டையா?" என்று பேரன் கேட்டான். கோட்டை இல்லை. இந்தத் தீவு எரிமலைக் குழம்பு கடலுக்கு மேலே எழுந்து உருவானது. வயது சுமார் 80 லட்சம் ஆண்டு. குழம்பு ஆறி இறுகிய கருங்கல் மண்ணெங்கும் பரவிக் கிடந்தது. அதைப் பொறுக்கி ஒதுக்கினால்தான் கரும்பு நட முடியும். பிற்காலத்தில் புல்டோசர் வந்தது. அதற்கு முன்பு மனிதக் கைகள்தான். அந்தக் கைகள் யாருடையவை என்ற கேள்வியோடுதான் நான் மற்ற இடங்களை எல்லாம் பார்த்தேன்.

முதல் நாள் நடு மேட்டுநிலத்துக்குப் போனோம். கியூர்பிப் ஊரில் ட்ரூ ஓ செர்ஃப் என்ற எரிமலை வாய் இருக்கிறது. விட்டம் 300 மீட்டருக்கும் மேல். உள்ளே நெருப்பு எதுவும் இல்லை, மரமும் புதரும்தான். அங்கிருந்து தெற்கே கிராண்ட் பாஸின், இந்துக்கள் கங்கா தலாவ் என்று வழிபடும் ஏரி. அதுவும் பழைய எரிமலை வாய்தான். 1898இல் தொடங்கிய யாத்திரை இன்றும் மகா சிவராத்திரிக்கு லட்சக்கணக்கானவர்களை நடக்க வைக்கிறது. கங்கையை விட்டுவந்தவர்கள் எரிமலைக் குழியில் ஒரு கங்கையை உண்டாக்கிக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் தென்கிழக்குக் கரை, மாயேபூர். டச்சுக்காரர்கள் 1598இல் இந்த விரிகுடாவில்தான் இறங்கி, தங்கள் இளவரசர் மாரிஸ் பெயரைத் தீவுக்கு வைத்தார்கள். கரும்பை ஜாவாவிலிருந்து 1639இல் கொண்டுவந்ததும் அவர்களே. டோடோ பறவை பூண்டோடு அழிந்ததும் அவர்கள் காலத்தில்தான். கடைசியில் 1710இல் தீவை விட்டே போனார்கள். 1715இல் பிரெஞ்சுக்காரர் உரிமை கொண்டாடினார்கள். 1810 ஆகஸ்டில் இதே விரிகுடாவில் நடந்த கிராண்ட் போர்ட் கடற்போரில் பிரிட்டிஷாரைத் தோற்கடித்தார்கள். அந்த வெற்றியின் பெயர் பாரிஸ் வெற்றி வளைவில் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நாலே மாதத்தில் தீவு கைமாறிவிட்டது.

மூன்றாம் நாள் தலைநகர் போர்ட் லூயி. இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு சிலை நிற்கிறது. மாயே தெ லா பூர்தொனே, 1735 முதல் 1746 வரை ஆண்ட பிரெஞ்சு கவர்னர். துறைமுகமும் நகரமும் அவர் காலத்தில் எழுந்தவை. கட்டட வேலை தெரிந்த கைவினைஞர்களைப் புதுச்சேரியிலிருந்து வரவழைத்தார். ஆக, இந்த நகரத்தின் ஆரம்பக் கட்டடங்களிலேயே தமிழர் உழைப்பு உண்டு. இதே மனிதர்தான் 1746இல் இங்கிருந்து கப்பற்படையோடு போய்ச் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தவர். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் இந்தச் சம்பவங்கள் விரிவாக வருகின்றன.

அதே காலத்தில் மடகாஸ்கர், மொசாம்பிக் பகுதிகளிலிருந்து ஆயிரமாயிரமாக அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் உண்டு. முதலில் கல் பொறுக்கியது இவர்கள் கைகள். 1835 பிப்ரவரி 1இல் அடிமை முறை ஒழிந்தது. நஷ்டஈடாக 20 லட்சம் பவுனுக்கு மேல் கொடுக்கப்பட்டது. யாருக்கு? அடிமைகளுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு!

கரும்புக்கு ஆள் வேண்டுமே? அதற்குள்ளேயே ஏற்பாடு ஆகிவிட்டது. 1834 நவம்பர் 2இல் 'அட்லஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 பேரை இறக்கியது. அட்லஸ் என்றால் நாம் வகுப்பில் மேசைமேல் விரித்த வரைபடப் புத்தகம்தான் உங்களுக்கு ஞாபகம் வரும். இந்தக் கப்பலும் வரைபடத்தை மாற்றிய கப்பல்தான். கைரேகை வைத்தோ கீறல் போட்டோ ஒப்பந்தம். ஐந்து ஆண்டு வேலை, ஆணுக்கு மாதம் 5 ரூபாய், அதோடு அரிசி பருப்பு. பிரிட்டிஷார் இதை 'மாபெரும் சோதனை' என்றார்கள். சோதனை முதலாளிகளுக்கு வெற்றி. இதே முறைதான் கயானா, டிரினிடாட், நேட்டால், பிஜி என்று பரவியது. மொரீஷியசுக்கு மட்டும் சுமார் நாலரை லட்சம் பேர் வந்தார்கள். பெரும்பகுதி கல்கத்தா வழியாக, அடுத்த பெரும்பகுதி சென்னை வழியாக.

அவர்கள் ஏறிவந்த படிகள் இன்றும் துறைமுகத்தில் இருக்கின்றன. ஆப்பிரவாசி கட் என்று பெயர். முன்பு கூலி கட். எண்ணிப் பார்த்தேன், 16 படிகள், அதே கறுப்பு எரிமலைக் கல். பெரும்பகுதி சாலை போட இடிபட்டுப்போக, மிஞ்சியதை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

தோட்டத்துக்குள் வாழ்க்கை எப்படி? ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம். ஒப்பந்தம் முடித்தவர்களையும் விடவில்லை. 1867 சட்டப்படி புகைப்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டு கையில் இல்லாதவரை நாடோடி என்று பிடித்துப் போட்டார்கள். 1871இல் அடால்ஃப் தெ பிளெவிட்ஸ் என்ற ஐரோப்பியர் 9,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் கையொப்பத்தோடு கவர்னருக்கு மனுக் கொடுத்தார். மனு தயாரிப்பதில் அவருக்குத் துணை நின்றவர் இராஜரத்தினம் முதலியார் என்ற தமிழர். ஒரு தோட்டக்காரர் பிளெவிட்ஸைத் தெருவிலேயே தாக்கினார். ஆனாலும் விசாரணைக் குழு வந்தது, 1875இல் அதன் அறிக்கையும் வெளியானது. இராஜரத்தினத்தின் பெயர் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அன்று மாலை நிக்கோலே சாலையில் உள்ள சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போனோம். பிரகாரத்தில் என் வயதுள்ள ஒருவர் "வணக்கம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவருக்குத் தமிழ் இல்லை. வீட்டில் கிரியோல், எங்களிடம் ஆங்கிலம். ஆனால் சமையல் பேச்சு வந்ததும் பாருங்கள்: பீர்க்கங்காய் அவருக்குப் 'பிப்பங்காய்', முருங்கைக்கீரை 'பிரெத் முரும்', கறிவேப்பிலை 'கரிபுலே'. மொழி போனாலும் அடுப்படியில் மிச்சம் இருக்கிறது.

பிறகு அவர் கைபேசியில் ஒரு படம் காட்டினார். மோக்கா ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியவர்களின் பதிவேடுகளைப் பாதுகாக்கிறார்கள். அங்கே எடுத்த, அவர் பாட்டனாரின் அப்பாவுடைய பதிவு அது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஏறிய துறைமுகம் சென்னை, ஜில்லா வட ஆற்காடு.

நம் வட ஆற்காடு! 1989இல் பிரியும் வரை நீங்களும் நானும் முகவரியில் எழுதிய மாவட்டம்.

அதற்கடுத்தது ஊர்ப் பெயர். ஆங்கில குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். "இதை உங்களால் படிக்க முடியுமா?" என்று கேட்டார். மூன்று நான்கு விதமாக உரக்கப் படித்துப் பார்த்தேன். கடைசியில் 'பாக்கம்' என்பது மட்டும் தெளிவாகப் பிடிபட்டது. முன்பகுதி உருத் தெரியாமல் சிதைந்திருந்தது. செய்யாறு, வந்தவாசிப் பக்கம் பாக்கம் என்று முடியும் ஊர்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பாக்கம் என்றால் சிற்றூர் என்று சொன்னேன். "பாக்கம், பாக்கம்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவர் குடும்பத்தில் நான்கு தலைமுறைக்குப் பிறகு அந்தச் சொல் சரியான உச்சரிப்பில் திரும்பியிருக்கிறது.

நான்காம் நாள் தென்மேற்கு. ஷமரேலில் ஏழு வண்ண மண்மேடு. அதுவும் அதே எரிமலைக் கல்தான், மழையிலும் வெயிலிலும் சிதைந்து மண்ணாகி, இரும்பும் அலுமினியமும் பிரிந்து நிறம் காட்டுகிறது. அங்கிருந்து இறங்கினால் கடலோரத்தில் லெ மோர்ன், 556 மீட்டர் உயரத்தில் செங்குத்துப் பாறை. தப்பியோடிய அடிமைகள் அதன் குகைகளில் ஒளிந்து வாழ்ந்தார்கள். விடுதலை அறிவிக்க வந்த போலீசாரைப் பிடிக்க வந்தவர்கள் என்று எண்ணி உச்சியிலிருந்து குதித்து மாண்டார்கள் என்பது வாய்மொழி வழக்கு. 2008இல் இதுவும் உலகப் பாரம்பரிய இடமானது. பிப்ரவரி 1, நவம்பர் 2 இரண்டுமே அங்கே அரசு விடுமுறை. தைப்பூசத்துக்கும் விடுமுறை உண்டு. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கின்றன. 1998இல் புது நோட்டில் தமிழைப் பின்னுக்குத் தள்ளியபோது போராடித் தங்கள் இடத்தை மீட்டார்கள். வீட்டில் தமிழ் பேசாதவர்கள் செய்த போராட்டம் அது!

நம் பாடப்புத்தகத்தில் இவ்வளவும் ஒரே வரி: "இந்தியர்கள் மொரீஷியஸ், பிஜி முதலிய நாடுகளுக்குக் கூலிகளாகச் சென்றனர்." சென்றவர்களுக்குப் பெயர் உண்டு, தகப்பன் பெயர் உண்டு, ஊர் உண்டு. கடலுக்கு அந்தப்பக்கம் பதிவேட்டில் அது பத்திரமாக இருக்கிறது. இந்தப்பக்கம் நம்மிடம்தான் எதுவும் எழுதி வைக்கப்படவில்லை.

எனவே வீட்டுப்பாடம் இதுதான். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: "நம்ம வகையறாவில் கப்பலேறிப் போய்த் திரும்பி வராதவர் யாராவது உண்டா?" உண்டு என்றால் அவர் பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். பாக்கம் என்று முடியும் ஊர்க்காரர்கள் முதலில் கேளுங்கள். எண்பது வயதுக்காரர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்