தமிழ் சினிமாவின் முதல் கதாநாயகி - டி.பி.ராஜலட்சுமி

சின்னசேலத்தில் ரயில் ஏறினால் நேராக சேலம். சேலத்தில் இருந்து ஏற்காடு போகிறவர்கள் வழியில் ஒரு பழைய வளைவைப் பார்த்திருப்பார்கள். டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடம் அது. ஸ்டுடியோ போய்விட்டது, வளைவு மட்டும் நிற்கிறது. நம் பக்கத்தில் பழைய சினிமா என்று பேச்சு வந்தால் முதலில் வருவது இந்த மாடர்ன் தியேட்டர்ஸ்தான்.

ஆனால் மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கியது 1935இல். தமிழ் சினிமா அதற்கு நான்கு வருடம் முன்பே பேச ஆரம்பித்துவிட்டது. திரையில் முதன்முதலாகத் தமிழ் பேசிய கதாநாயகி யார் தெரியுமா? திருவையாற்றில் பிறந்த டி.பி.ராஜலட்சுமி. நடிகை மட்டுமல்ல, நாவலாசிரியை, தயாரிப்பாளர், தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர். இவ்வளவு இருந்தும் அவர் பெயர் இன்று பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது.

இளமைக் காலம்

ராஜலட்சுமி பிறந்தது 1911 நவம்பர் 11. தந்தை பஞ்சாபகேச சாஸ்திரி ஊர்க் கணக்குப் பிள்ளை. அந்தக் கால வழக்கப்படி சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் வந்ததே 1929இல்தான். வரதட்சணைப் பிரச்சினையில் அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. பிறந்த வீட்டுக்கே திரும்பினார். பிறகு தந்தையும் இறந்துபோக, தாயும் மகளும் பிழைப்பைத் தேடி திருச்சிக்கு வந்தார்கள்.

திருச்சியில் சாமண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அன்றைக்கு ஒரு பிராமணக் குடும்பத்துப் பெண் மேடை ஏறுவது என்றால் சும்மா இல்லை. ஆண்களே பெண் வேடம் போட்டுக்கொண்டிருந்த காலம். நடிக்கப் போகும் பெண்ணை ஊர் எப்படிப் பேசும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நல்ல குரல் இருந்தது, வீட்டில் உலை வைக்க வேறு வழி இல்லை. மேடையில் பெயர் வாங்கினார். அந்தப் பெயர்தான் அவரை மௌனப் படங்களுக்குக் கொண்டு போனது. 1929இல் வந்த கோவலன், அதன் பின் உஷா சுந்தரி, ராஜேஸ்வரி என்று சில படங்களில் நடித்தார்.

காளிதாஸ் (1931)

1931 மார்ச் 14 அன்று இந்தியாவின் முதல் பேசும் படமான ஆலம் ஆரா பம்பாயில் வெளியானது. எடுத்தவர் இம்பீரியல் கம்பெனி அர்தேஷிர் இரானி. அவரே அடுத்து தென்னாட்டுக்கும் ஒரு பேசும் படம் எடுக்க முடிவு செய்தார். இயக்கம் எச்.எம்.ரெட்டி. கதாநாயகியாக ராஜலட்சுமி பம்பாய்க்குப் போனார். ஆலம் ஆராவுக்குப் போட்ட செட்டிலேயே காளிதாஸ் தயாரானது.

இந்தப் படத்தில் ஒரு வேடிக்கை. கதாநாயகி தமிழில் பேசுவார், கதாநாயகன் பி.ஜி.வெங்கடேசன் தெலுங்கில் பதில் சொல்வார்! ஒரே காதல் காட்சியில் இரண்டு மொழி. யாரும் குறையாக நினைக்கவில்லை. படம் பேசுகிறது என்பதே பெரிய அதிசயம். கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் தியாகராஜர் கீர்த்தனையும் உண்டு, காந்தியின் ராட்டையைப் பற்றிய தேசியப் பாட்டும் உண்டு. பாடல்களை எழுதியவர் மதுரை பாஸ்கரதாஸ். படத்தோடு சேர்த்து ராஜலட்சுமியின் குறத்தி நடனமும் காட்டப்பட்டது.

1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டரில் (பின்னாளில் முருகன் தியேட்டர்) காளிதாஸ் வெளியானது. படச்சுருள் பெட்டி பம்பாயில் இருந்து ரயிலில் வந்து இறங்கியபோது ஜனங்கள் பூத்தூவி, தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, தியேட்டர் வரை ஊர்வலமாகக் கொண்டு போனார்கள் என்று சொல்வார்கள். சாமி ஊர்வலம் மாதிரி! ராஜலட்சுமிக்கு அப்போது 20 வயதுகூட நிரம்பவில்லை.

சினிமா ராணி

அடுத்த பெரிய வெற்றி 1933இல் வந்த வள்ளி திருமணம். கோவை சாமிக்கண்ணு வின்சென்ட் கல்கத்தாவின் பயனியர் கம்பெனியோடு சேர்ந்து எடுத்த படம், இயக்கம் பி.வி.ராவ். ராஜலட்சுமிதான் வள்ளி. இந்தப் படத்தில் நாரதராக நடித்த டி.வி.சுந்தரத்தையே அவர் பின்னால் திருமணம் செய்துகொண்டார். சிறுவயதில் ஒரு கல்யாணம் முறிந்த பெண், தானே விரும்பி மறுமணம் செய்துகொண்டதை 1930களில் வைத்து யோசித்துப் பாருங்கள். ரசிகர்கள் அவருக்குக் கொடுத்த பட்டம் 'சினிமா ராணி'.

மிஸ் கமலா (1936)

இந்தியாவின் முதல் பெண் இயக்குநர் பாத்மா பேகம். 1926இலேயே பம்பாயில் படம் இயக்கியவர். ஆலம் ஆரா கதாநாயகி ஜுபைதா இவருடைய மகள்தான். தெற்கே அந்த இடம் ராஜலட்சுமிக்கு.

அவர் கமலவல்லி என்று ஒரு நாவல் எழுதியிருந்தார். மனதில் ஒருவன், தாலி கட்டியவன் வேறொருவன் என்று சிக்கிக்கொள்ளும் ஒரு பெண்ணின் கதை. புராணப் படங்களே ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த சமூகக் கதையை எடுத்துக்கொண்டு, சொந்த நிறுவனத்தில், தானே இயக்கி நடித்தார். அதுதான் மிஸ் கமலா. கேட்காமல் நடத்தி வைக்கும் கல்யாணம் ஒரு பெண்ணை என்ன செய்யும் என்பது அவர் கேள்விப்பட்ட விஷயம் அல்ல, பட்ட விஷயம். தன் மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார்.

பிறகு மதுரை வீரன் எடுத்தார். 1938இல் ஏவி.எம்.மெய்யப்ப செட்டியாரின் நந்தகுமாரில் யசோதையாக நடித்தார். பிறகு புதிய முகங்கள் வந்தன, வாய்ப்புகள் குறைந்தன. சொந்தப் படங்களில் போட்ட பணமும் கைகொடுக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் கலைமாமணி விருது கிடைத்தது. 1964இல் காலமானார்.

அந்தப் படங்கள் இன்று இல்லை!

இப்போது அந்தக் காரணத்துக்கு வருவோம். காளிதாஸ் இன்று இல்லை. வள்ளி திருமணம் இல்லை. மிஸ் கமலாவும் இல்லை. சில புகைப்படங்கள், பாட்டுப் புத்தகம், பத்திரிகை விளம்பரம்... அவ்வளவுதான் மிச்சம். திரையில் முதன்முதலாகத் தமிழ் பேசிய கதாநாயகியின் குரலை அந்தப் படத்தில் இன்று யாராலும் கேட்க முடியாது.

அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், வெயிலிலும் ஈரத்திலும் கெட்டுப்போகும். ஓடி முடிந்த படத்தை யாரும் பத்திரப்படுத்தவில்லை. பிலிமில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்கவும் விற்றுவிட்டார்கள்.

வள்ளி திருமணத்தை எடுத்த அதே பி.வி.ராவ், அதே 1933இல் திருவாங்கூரில் மார்த்தாண்ட வர்மா என்ற மௌனப் படத்தையும் எடுத்தார். கதை உரிமை பற்றி வழக்கு வந்து, படச்சுருள் புத்தக வெளியீட்டாளர் கைக்குப் போய்ப் பெட்டிக்குள் முடங்கியது. 1970களில் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை வாங்கியது. தென்னாட்டு மௌனப் படங்களில் தப்பிப் பிழைத்தது அதுதான். ஓட முடியாமல் போன படம் மிஞ்சியது, மக்கள் கொண்டாடிய படம் அழிந்தது!

புனேவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்ட ஆண்டும் 1964தான், ராஜலட்சுமி இறந்த அதே ஆண்டு. 30 வருடம் முன்னால் அப்படி ஒன்று இருந்திருந்தால் மிஸ் கமலாவை நாம் பார்த்திருக்கலாம்.

ஸ்ரீனிவாசா சினிடோன் நடத்திய ஏ.நாராயணனின் மனைவி மீனாட்சி, இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர். அவரையும் எத்தனை பேருக்குத் தெரியும்? கேமராவுக்கு முன்னால் நின்ற பெண்களையே மறந்த நாம், பின்னால் நின்றவர்களையா ஞாபகம் வைத்திருப்போம்?

உங்கள் வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகமோ சினிமா நோட்டீஸோ கிடந்தால் எடைக்குப் போடும் முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ராஜலட்சுமியின் படங்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதில் பாதி அப்படிப்பட்ட காகிதங்களில் இருந்து வந்ததுதான்.