ஆலோசகர் கல்வி வளர்ந்த வழி

அமெரிக்காவில் ஆலோசகர் பயிற்சியின் வேர், பிழைப்புக்கு வழி தேடிய ஏழை இளைஞர்களிடம் இருக்கிறது. அவர்களுக்காக 1908இல் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றைத் திறந்தார். அதே ஆண்டில் காலமானார். அப்பணியைத் தொடர்ந்த மேயர் புளூம்ஃபீல்ட், 1911இல் தனியார் பல்கலைக்கழகமான ஹார்வர்டில் தொழில் வழிகாட்டலைப் பாடமாக நடத்தினார். பல்கலைக்கழக அளவில் இத்துறைக்கு அதுவே முதல் பாடம்.

தொடக்ககால ஆலோசகர்களின் வேலை பெரும்பாலும் அறிவுரை சொல்வதுதான். காது கொடுத்துக் கேட்பதும் கற்றுத் தேற வேண்டிய திறன் என்பதை நிலைநாட்டியவர் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். ஆலோசனை உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து மாணவர்களுடன் ஆராய்ந்த அவர், 1945இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆலோசனை மையத்தை நிறுவினார். ஒலிப்பதிவின் மூலம் பயிற்சி பெறுபவர் தம் குரலையே திரும்பக் கேட்டு, எந்த இடத்தில் அவசரப்பட்டுக் குறுக்கிட்டோம் என்று உணர முடிந்தது. இத்துறைக்கு ரோஜர்ஸ் அளித்த பெருங்கொடை இதுவென்றே சொல்லலாம்.

சோவியத் ஒன்றியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் ஏவப்பட்ட மறுஆண்டு, 1958இல், தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் பள்ளி ஆலோசகர் பயிற்சிக்கு நிதி ஒதுக்கியது. 1981இல் ‘காக்ரெப்’ என்னும் தர அங்கீகார அமைப்பு உருவானது. அதன் அங்கீகாரம் பெற்ற ஆலோசகர் படிப்புகளில் முதுநிலை மாணவர் குறைந்தது 100 மணிநேரச் செய்முறைப் பயிற்சியையும் 600 மணிநேரக் களப்பயிற்சியையும் முடித்தாக வேண்டும்.