வெல்லஸ்ஸவில் பறந்த அம்பு



1817 ஒக்டோபரில் பதுளையில் இருந்த ஆங்கிலேய அதிகாரி சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன், வெல்லஸ்ஸவில் அம்பு பட்டு இறந்தார். ஊவா கிளர்ச்சி என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வரும் செய்தி இது. துவக்கு ஏந்திய படையோடு போனவரை அம்பு எப்படி வீழ்த்தியது? இதை நம் பிள்ளைகள் கேட்கத்தான் வேண்டும்.

அந்தக் காலத் துவக்கில் ஒரு வெடி வைத்தால் திரும்ப நிரப்ப வேண்டும். தோட்டாத்தாளைப் பல்லால் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டை இட்டு, கம்பியால் இடித்து, பிறகுதான் குறி. அதிகாரிகளின் கைத்துவக்கும் அப்படித்தான், ஒரே வெடி. அதனால் ஆங்கிலேயப் படை பயிற்சியை உயிராக மதித்தது. வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, முதலில் மெதுவாக, ஒவ்வொரு படியும் பிசகாமல் செய்ய வைத்தார்கள். புதியவர்கள் தீக்கல்லுக்குப் பதில் மரத்துண்டைப் பொருத்தி, மருந்தில்லாமலே பழகினார்கள். வேகம் கடைசியில்தான் வந்தது. கை தேர்ந்தவர் நிமிடத்துக்கு மூன்று வெடி வைப்பார். ஆனால் மழையில் மருந்து நனைந்தால் அந்தப் பழக்கமெல்லாம் வீண். ஒக்டோபர் கழிந்தால் ஊவாவில் மழைதானே.

வில்லுக்குச் சத்தமில்லை, புகையில்லை. எய்தவன் எங்கே நிற்கிறான் என்று தெரியாது. ஆனால் நாணை இழுத்து, நடுங்காமல் நிறுத்தி, விடுவதற்குச் சிறு வயதிலிருந்தே பழக வேண்டும். வேட்டையாடி வாழ்ந்த மக்களுக்கு அது அன்றாட வேலை. அம்பெய்யக் கற்றுவிட்டு அதைக் கைவிடுவதை நம் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள் என்று ஹதீஸில் படிக்கிறோம். பழக்கம் விட்ட கை சீக்கிரம் மறந்துவிடும்.

இந்தக் கதையில் நமக்கு வலிக்கும் ஓர் இடமும் உண்டு. ஆளுநர் பிரவுன்ரிக், வெல்லஸ்ஸ சோனகருக்கு ஹாஜி மரிக்கார் என்பவரை முஹாந்திரமாக நியமித்து, அவர்களைத் திசாவையின் அதிகாரத்திலிருந்து பிரித்தார். சிங்களத் தலைவர்கள் கொதித்தார்கள். கிளர்ச்சிக்காரர்கள் ஹாஜியைப் பிடித்துக் கொன்றார்கள். இன்றும் சிலர் இதைச் சொல்லி நம்மைக் காட்டுகிறார்கள். நாம் மறைக்கவும் வேண்டாம், தலைகுனியவும் வேண்டாம். பதவியைப் பிரித்தது ஆங்கிலேயரின் கணக்கு. தவளம் ஓட்டி, உப்பும் துணியும் சுமந்து ஊர் ஊராகப் போன நம் முன்னோர் அந்தக் கணக்கின் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை மக்கள் பக்கம் சேர்ந்தார். தனக்குத் தந்த ஆயுதங்களை ஆங்கிலேயருக்கே திருப்பி அனுப்பினார் என்பது வரலாறு. 1818 நவம்பர் 26 அன்று போகம்பரையில் அவர் தலை வெட்டப்பட்டது. ஆங்கிலேயர் துவக்குப் பயிற்சியால் மட்டும் வெல்லவில்லை. வீடுகளை எரித்தார்கள், வயல்களை அழித்தார்கள், ஆடு மாடுகளைக் கொன்றார்கள். ஊவா பசியில் வீழ்ந்தது.

பயிற்சி கையைத் தேர்ச்சியாக்கும். அந்தக் கை எந்தப் பக்கம் நீள வேண்டும் என்பதை அது சொல்லித் தராது. கெப்பெட்டிபொல அதை ஆயுதத்தைத் திருப்பிக் கொடுத்துக் காட்டினார். நம் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றை முழுதாகச் சொல்வோம். அரைகுறையாக அடுத்தவர் வாயால் கேட்க விடாதிருப்போம், இன்ஷா அல்லாஹ்.