செத்த காலேஜும் லண்டன் கற்களும்

எழும்பூர் மியூசியத்தை எங்க ஆயா 'செத்த காலேஜ்' என்றுதான் சொல்லும். மிருகக்காட்சிச் சாலை 'உயிர் காலேஜ்'. கொருக்குப்பேட்டையிலிருந்து லீவு நாளில் கட்டுச்சோறோடு போவோம். அமராவதிக் கற்களைத் தாண்டி நேரே திமிங்கில எலும்புக்கூட்டுக்கு ஓட்டம்.

சென்ற ஆண்டு லண்டன் போக வாய்த்தது. பிரிட்டிஷ் மியூசியத்தில் நுழைவுக் கட்டணமில்லை (விமானக் கட்டணம்தான்!). அங்கே கண்ணாடிக்குப் பின்னால் அதே அமராவதி! புத்தர் பாதம், தாமரை, ஆளில்லாத சிம்மாசனம். 'எல்லியட் பளிங்குகள்' என்று வெகுகாலம் அழைத்தார்கள். உண்மையில் சுண்ணாம்புக்கல்.

1845இல் கிருஷ்ணைக் கரையில் வால்டர் எல்லியட் தோண்டியெடுத்து மெட்ராசுக்கு அனுப்பியவை. அயோத்திதாசர் பிறந்ததும் அதே வருஷம். பல ஆண்டு வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859இல் 121 கற்கள் கப்பலேறின. 1880இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

1859இல் மெட்ராசில் துறைமுகமே கிடையாது. சரக்கைக் கரையில் தோளில் தூக்கி, மசூலா படகிலேற்றி, அலை தாண்டி, தூரத்தில் நிற்கும் கப்பலில் சேர்க்க வேண்டும். எங்க நைனா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். கண்ணாடி முன்னால் எனக்கு அவர் தோள்தான் நினைவில் வந்தது. நாம் பூர்வ பௌத்தர் என்று எழுதி, 1898இல் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார் அயோத்திதாசர். அதற்கு நாற்பது வருஷம் முன்பே புத்தரைத் தூக்கி அனுப்பியது யார் தோள்? தூக்கிய ஒருவன் பெயரும் என் கண்ணில் படவில்லை.

போன மாதம் எங்கள் தெருப் பிள்ளைகளை எழும்பூருக்கு அழைத்துப் போனேன். கல்லருகே நிறுத்தினேன்.

"இத்த யாருண்ணா தூக்கினு வந்தாங்க?" என்றான் ஒருவன்.

"உங்க தாத்தாவோட தாத்தாவா இருக்கலாம்டா."

கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். பிறகு திமிங்கிலத்துக்கு ஓடினார்கள்.