கருத்தடை தவறிவிட்டால் என்ன செய்வது?

ஆணுறை கிழிந்துவிடும். மாத்திரை மறந்துபோகும். அஸ்ல் செய்தும் தவறிவிடும். பிறகு அடுத்த மாதவிலக்கு வரும்வரை கணவன் மனைவி இருவருக்கும் நிம்மதி இருக்காது. இது புதிய கவலை அல்ல. அஸ்ல் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டுச் சென்ற ஒருவர், பின்னர் திரும்பி வந்து கரு தங்கிவிட்டதாகச் சொன்ன செய்தியை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள் (ஸஹீஹ் முஸ்லிம்).

முதல் மூன்று நாள்கள் முக்கியமானவை. லெவோனார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் சாப்பிட வேண்டும். இது சினைமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. ஏற்கெனவே தங்கிய கருவைக் கலைக்காது. இதைக் கருக்கலைப்பு மாத்திரை என்று நினைத்துப் பயப்படுவோர் நம்மில் அதிகம். பாலூட்டும் தாயும் சாப்பிடலாம். இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மீண்டும் ஒரு மாத்திரை தேவை. தமிழகத்தின் பல மருந்துக் கடைகளில் இது எளிதாகக் கிடைப்பதில்லை. கடை கடையாக அலையாமல் பெண் மருத்துவரிடம் செல்லுங்கள். ஐந்து நாள்களுக்குள் காப்பர்-டி பொருத்துவது இதைவிட உறுதியானது. ஆனால் கருவுற்ற முட்டை பதிவதையும் அது தடுக்கக்கூடும் என்பதால் ஆலிம்களில் சிலர் தயங்குகின்றனர்.

தினமும் வாங்கி வாங்கிச் சோதிப்பதில் பயனில்லை. மாதவிலக்கு தள்ளிப்போன பிறகு, காலை முதல் சிறுநீரில் பாருங்கள். மாதவிலக்கு ஒழுங்கற்றவர்கள் உறவு கொண்டு 21 நாள் கழித்துப் பார்க்கலாம்.

அடுத்த குழப்பம் தொழுகை. மாத்திரைக்குப் பின் இடையில் உதிரம் படலாம், மாதவிலக்கும் முன்பின்னாகலாம். ஷாஃபிஈ மத்ஹபில் மாதவிலக்கின் குறைந்த அளவு ஒரு பகல் ஓர் இரவு, அதிகம் 15 நாள். ஹனஃபியில் குறைந்தது 3 நாள், அதிகம் 10 நாள். இரண்டிலும் இரு மாதவிலக்குகளுக்கு இடையே குறைந்தது 15 நாள் தூய்மை வேண்டும். குறைந்த அளவை எட்டாமல் தனியாக வந்து நின்றது இஸ்திஹாழா. அதற்காக விட்ட தொழுகைகளைக் களா செய்ய வேண்டும். உதிரம் விட்டுவிட்டு வந்தால் தேதி, நேரத்தைக் குறித்துக்கொண்டு ஆலிமிடம் கேளுங்கள். "கொஞ்சம்தானே" என்று தானாக முடிவு செய்யும் பழக்கம் வேண்டாம்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவருக்கோ காப்பர்-டி உள்ளவருக்கோ மாதவிலக்கு தள்ளிப்போனால் தாமதிக்காமல் சோதியுங்கள். கரு குழாயில் தங்கியிருக்கலாம். ஒருபக்க அடிவயிற்று வலியும் மயக்கமும் வந்தால் உடனே மருத்துவமனை.

கரு உறுதியானால்? 120 நாளுக்குப் பின் தாயின் உயிரைக் காக்கவன்றிக் கலைப்பது ஹராம். அதற்கு முன்பு பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. வறுமைக்குப் பயந்து என்ற காரணத்தைப் பெரும்பாலான ஆலிம்கள் ஏற்பதில்லை. கணவர் கடையில் வாங்கி வந்த கலைப்பு மாத்திரையை மட்டும் வீட்டில் சாப்பிட வேண்டாம். உதிரப்போக்கு நிற்காமல் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரையும் ஆலிமையும் இருவரும் சேர்ந்தே சந்தியுங்கள். மனைவியைத் தனியே அனுப்பாதீர்கள்.